நூல் தளரும்போது

ஒரு பட்டம் நல்லதா இல்லையா என்பதை நூல் இறுகியிருக்கும்போது சொல்லிவிட முடியாது. கடற்காற்று சீராக வீசும் நாளில் மலிவுப் பட்டமும் நிமிர்ந்து நிற்கும், விலை கூடிய பட்டமும் நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நூலைத் தளரவிடும் அந்த அரை நொடியில்தான் தெரியவரும். தளர்ந்த நூலில் அது எப்படிக் கிடக்கிறது, மறுபடி நூல் இறுகும்போது எப்படி எழுந்து வருகிறது என்று பார்த்த பிறகே அதைப் பற்றி ஒரு சொல் சொல்லலாம். வயதான பிறகு நான் கற்றுக்கொண்ட விளையாட்டு இது. கற்றுக்கொண்டதிலிருந்து மனிதரை எடைபோடும் என் வழக்கமும் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் சொல்வது இரட்டை நூல் வித்தைப் பட்டம். இதற்கு வால் கிடையாது. பின்னோக்கிச் சரிந்த இரண்டு சிறகுகள், நடுவில் ஒரு முதுகுத்தண்டு. சிறகு நுனியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். எடை 300 கிராம் அளவுதான். தண்டுகள் கார்பன் குழாய்கள். துணி ரிப்ஸ்டாப், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் ஓடாதபடி நெய்யப்பட்டது. இடச் சிறகுக்கு ஒரு நூல், வலச் சிறகுக்கு ஒரு நூல், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மீட்டர் நீளம். நூல் டைனீமா இழை. இழுத்தால் நீளாது, மிகவும் வழுக்கலானது. பட்டம் ஒரே பக்கமாகப் பலமுறை சுற்றி இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டாலும் கையின் கட்டளை தடையில்லாமல் மேலே போகும். இடக்கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலக்கையை இழுத்தால் வலப்பக்கம். இவ்வளவைக் கற்க ஒரு பிற்பகல் போதும். அதற்கு அப்பால் உள்ளதைக் கற்க வருடங்கள் வேண்டும்.

இரண்டு நூலால் பட்டத்தை ஆட்டுவிப்பது புதிய கதையல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்த பால் கார்பர், பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக ஓர் இலக்குப் பட்டம் செய்தார். இரண்டு நூல், பின்னால் ஒரு சுக்கான், துணியில் எதிரி விமானத்தின் நிழலுரு. அது வானில் எட்டுப் போடும், பாயும், குட்டிக்கரணம் அடிக்கும். இதே கார்பர்தான் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் விமானங்களைச் சேர்த்துக் காத்தவர். 1967இல் வாஷிங்டனில் பட்டவிழாவைத் தொடங்கியவரும் அவரே. பிறகு இங்கிலாந்தில் பீட்டர் பவல் என்பவர் 1972இல் சாய்சதுர வடிவில் ஒன்றைச் செய்தார். அதன் வால் ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாய். காற்று உள்ளே புகுந்து அது உப்பிக்கொள்ளும். பட்டம் போன பாதை முழுவதையும் வானத்தில் கோடாக வரைந்து காட்டும். 1976இல் பிரிட்டனின் அந்த ஆண்டுக்கான சிறந்த விளையாட்டுப் பொருள் என்ற பெயரையும் அது பெற்றது. ஆனால் கார்பரின் பட்டமும் பவலின் பட்டமும் இறுகிய நூலின் பிள்ளைகள். வேகம், வளைவு, பாய்ச்சல் எல்லாம் இழுப்பிலிருந்து வந்தவை. கார்பனும் மெல்லிய துணியும் வந்து பட்டத்தின் எடை குறைந்த பிறகு, 1990களில்தான் நூலைத் தளரவிட்டு விளையாடும் வித்தைகள் பெருகின.

நான் இலங்கையின் வடக்கே வடமராட்சியில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் மார்கழி பிறந்தால் வாடைக்காற்றோடு பட்டக்காலமும் பிறந்துவிடும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களைப் பார்க்கச் சனம் திரளும். கொக்குப் பட்டம் கட்டி, காற்றில் ஒலிக்கும் விண்ணைப் பூட்டி, பொழுதுபட ஏற்றிவிட்டு, நூலைப் பனையில் கட்டிவிட்டுப் படுக்கப் போவோம். விடியும்வரை விண் கூவும். இரவு முழுக்க நூல் ஒரு கணமும் தளராமல் நிற்பதுதான் அந்தப் பட்டத்தின் பெருமை. அதை ஏற்றுகிறவனின் கெட்டித்தனம் எல்லாம் தரையிலேயே, பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையைக் கட்டும்போதே முடிந்துவிடும். முச்சை பிசகினால் பட்டம் குத்தும். மேலே போன பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை, இறக்கித்தான் திருத்த வேண்டும்.

இந்த இரட்டை நூல் வித்தைப் பட்டத்தை முதன்முதல் கையில் வாங்கியபோது என் கண் நேரே போனதும் முச்சைக்குத்தான். ஒவ்வொரு சிறகுக்கும் மூன்று கால், மூன்றும் கூடும் இடத்தில் ஒரு முடிச்சு, அந்த முடிச்சில் நூல். அதே முச்சை, ஆனால் இரண்டு. முடிச்சை மூக்குப் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் மூக்கு முன்னே சாயும். மெல்லிய காற்றிலும் பட்டம் ஏறிக்கொள்ளும். மறுபக்கம் நகர்த்தினால் காற்றை அதிகம் ஏந்தும், இழுவை கூடும், திருப்பம் கூர்மையாகும். சில மில்லிமீட்டர்தான். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நகர்த்தாவிட்டால் பழைய இடம் எது என்று தெரியாமல் போகும்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். வாழ்நாளின் பெரும்பகுதியில் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். ஆகவே ஒன்றை மதிப்பிடுவதற்கு முன் மதிப்பிடுகிறவனுக்கு என்னென்ன கடமை உண்டு என்ற கேள்வி என்னை விட்டுப் போனதேயில்லை. பட்டம் ஏற்றுகிறவர்களிடம் நான் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. பட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், நன்றாகத் தெரிந்தவர் பட்டத்தைக் குறை சொல்ல மாட்டார். முதலில் நூலைப் பார்ப்பார். இரண்டு நூலின் நுனியையும் தரையில் ஓர் ஆணியில் மாட்டி, மறுமுனைக்கு நடந்து, இரண்டு கைப்பிடியையும் சேர்த்து இழுத்து, ஒன்று மற்றதைவிட நீண்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஓர் அங்குல வித்தியாசம் போதும், ஒழுங்கான பட்டமும் கோணலாகப் பறக்கும். அது சரியென்றால் தண்டுகளைப் பார்ப்பார்: எங்காவது இணைப்பு கழன்றிருக்கிறதா, துணியைத் தள்ளிப் பிடிக்கும் சிறு தண்டுகள் இரு பக்கமும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று. அதன்பின் காற்று. அதன்பின் தன் கை. இவை எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் பட்டத்தின் முறை வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பின்தங்கினால், பிள்ளையிலிருந்தே விசாரணையைத் தொடங்குகிறோம். நூலின் நீளத்தை யாரும் அளப்பதில்லை. காலையில் சாப்பிட்டு வந்தானா, கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, வீட்டில் படிக்க விளக்கு இருக்கிறதா என்பதெல்லாம் அளக்க வேண்டிய நூல்கள்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளின் குடும்பம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இருப்பதால் நான் பட்டம் ஏற்றுவது சவுத்சீ புல்வெளியில். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் பரந்து கிடக்கும் வெளி அது; எதிரே சோலன்ட் நீரிணை, அதற்கு அப்பால் வைட் தீவு. தென்மேற்குக் காற்று நீரின் மேலாக வருவதால் வழியில் அதை உடைக்க ஒன்றுமில்லை. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் பட்டம் ஒரே சீராக நிற்கும். அதே இடத்தில் வடக்கிலிருந்து காற்று வரும் நாளில் வீடுகளும் மரங்களும் அதைக் கலைத்துவிடும். ஒரு கணம் அறையும், மறுகணம் இல்லாமல் போகும். அந்த நாளில் எந்தப் பட்டத்தைப் பற்றியும் நான் முடிவு சொல்வதில்லை. பேரனுக்குப் பொறுமை இல்லை.

"அம்மப்பா, இது பாழாய்ப்போன பட்டம். கையில நிக்குதே இல்ல."

"அப்பன், காற்றே நிக்கேல்லை. பட்டம் எப்பிடி நிக்கும்? சுருட்டி வை, நாளைக்குப் பார்ப்பம்."

மணிக்கு 8 கிலோமீட்டரிலிருந்து 20 வரை வீசும் சீரான காற்றில்தான் இந்த வகைப் பட்டத்தின் குணம் தெரியும். அதற்குக் கீழே மென்காற்றுக்கென்றே செய்த இலகுவான பட்டம் வேண்டும். அதற்கு மேலே துணியில் வலைத்துளை வைத்த பட்டம் வேண்டும். ஒவ்வொரு பட்டமும் ஒரு காற்றுக்காகத் தைக்கப்பட்டது. மென்காற்றுக்காரனைப் புயலில் நிறுத்தி, தண்டு முறிந்தது என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். வேலைத்தலங்களில் இந்த அநியாயம் தினமும் நடப்பதைப் பார்க்கிறேன்.

இறுகிய நூலில் பார்க்க வேண்டியவை சிலவே. பட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தரைக்கு இணையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு நேராக வருகிறதா, ஒவ்வொரு அடிக்கும் கை திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா என்று. சதுரம் போட வேண்டும். மூலையில் திரும்பியபின் மூக்கு அங்கேயே நிற்கிறதா, கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றுவிடுகிறதா என்று. நடுவானில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்விளிம்புத் துணி படபடத்துக் கத்துகிறதா என்று காது கொடுக்க வேண்டும். போட்டிகளில் நடுவர்கள், போட்டியாளர்கள் குறித்த வடிவங்களை எவ்வளவு துல்லியமாகப் போடுகிறார்கள் என்று ஒரு பகுதியிலும், இசைக்கேற்ப எப்படி ஆட்டுவிக்கிறார்கள் என்று மறு பகுதியிலும் புள்ளி இடுவது வழக்கம். துல்லியம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசுகிறவரைப் பார்த்ததும் அவரைத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அந்த அளவுக்குத்தான் இறுகிய நூலும் நமக்குச் சொல்லும்.

இனி நூலைத் தளர்த்துவோம்.

ஃபேட் என்று ஒரு நிலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. கைக்கு வர நெடுநாள் எடுத்ததும் அதுவே. பட்டம் மூக்கு கீழாகத் தரையை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பாய்ச்சலின் நடுவில் இரு கையையும் ஒருசேர வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்த அதே கணத்தில் இரு கையையும் முன்னே கொடுத்துவிட வேண்டும். இழுப்பு ஒரு சாண் இருக்கும், கொடுப்பது அதைவிடக் கூடுதல். பட்டத்தின் மூக்கு சடாரென்று உங்களை நோக்கி எழும்பும். அது மல்லாந்து வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும், தலை உங்கள் பக்கம். நூல்கள் மூக்கின் மேலாகத் தளர்ந்து வரும். ஓசை எல்லாம் அடங்கும். இப்போது பட்டத்தைக் காற்று தூக்கவில்லை, நூல் பிடிக்கவில்லை. அது தன் சொந்தச் சமநிலையில் கிடக்கிறது. இடக்கையில் ஒரு சின்னத் தட்டு, வலக்கையில் ஒரு சின்னத் தட்டு. அது தொட்டிலைப் போல அசைந்துகொண்டே மெல்ல இறங்கும். கொஞ்சம் பலமாக இழுத்தாலும் நிலை குலைந்து புரண்டுவிடும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் விழுந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது டர்ட்டில், ஆமை நிலை. மேலே ஏறிக்கொண்டிருக்கும் பட்டத்துக்கு நூலைக் கொடுத்தால் மூக்கு அப்பால் சாய்ந்து, தலையை நமக்கு எதிர்ப்புறம் வைத்து மல்லாந்துவிடும். அதிலிருந்து ஒரு கையால் தட்டித் தளர்த்தினால் கிடந்தபடியே ஒரு முழு வட்டம் சுழலும். லேசி சூசன் என்பார்கள். ஃபேடிலிருந்து ஆமைக்கு, ஆமையிலிருந்து ஃபேடுக்கு, இழு, கொடு, இழு, கொடு என்று ஒரே தாளத்தில் புரட்டினால் அது ஃபிளிக் ஃபிளாக். ஆமை நிலையில் இன்னும் ஆழமாக இழுத்துவிட்டால் பட்டம் தன்னைத்தானே நூலில் சுருட்டிக்கொண்டு எழும்பும், அது யோ-யோ. சிறகின் முன்விளிம்பில் நூல் சுற்றியிருக்கும்போதே அது பறந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆக்சல் என்பதில் பட்டம் வயிறு கீழாகத் தட்டையாகக் கிடந்து ஒரு சுற்று சுழலும். அதற்கும் முதலில் நிறுத்த வேண்டும், பிறகு ஒரு கையால் தட்ட வேண்டும், உடனே இரு கையும் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வித்தைகளில் ஒன்றுகூட இறுகிய நூலில் நடக்காது. காரணம் நேரானது. நூல் இறுகியிருக்கும்வரை பட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காற்றின் தள்ளலும் நூலின் இழுப்பும் தீர்மானித்துவிடுகின்றன. நூல் தளர்ந்ததும் அந்தக் கட்டு அறுகிறது. இனி அதன் எடை எங்கே இருக்கிறது, அதன் சிறகுகள் எப்படித் தைக்கப்பட்டிருக்கின்றன என்பவைதான் பேசும். அதனால்தான் சொல்கிறேன், பட்டத்தைச் செய்தவரின் கை நூல் தளரும்போதுதான் தெரியும்.

என் வயதொத்தவர்கள் பலர் புலம்பெயர்ந்து வந்து முப்பது நாற்பது வருடம் ஓடி ஓடி உழைத்தவர்கள். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பும் காசு, தங்கச்சிமாரின் கலியாணம். நூல் அவ்வளவு இறுக்கமாக இருந்தது. அந்த இறுக்கத்தில் எல்லாருமே நிமிர்ந்துதான் நின்றோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி, கையில் ஒரு கடிகாரம் தந்து, வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை நூல் தளர்ந்துவிட்டது. அன்று தொடங்கி சிலர் சரிவதைக் கண்டிருக்கிறேன். பெரிய பதவியில் இருந்தவர்கள்தான் அதிகம். சத்தமில்லாமல் கதவடைத்துக்கொண்டார்கள். கடை வைத்திருந்த ஒரு நண்பர், வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாதவர், கடையை மகனிடம் கொடுத்த மறுவாரமே நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். அவர் கடையில் நிற்கும்போது எனக்கு அவரைத் தெரியும். ஆனால் எப்படிப்பட்டவர் என்று அறிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

பெற்றோருக்குச் சொல்ல இதில் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைக்குக் காலையில் ஒரு தொலைபேசி, மதியம் ஒன்று, இரவு ஒன்று. சாப்பிட்டாயா, படித்தாயா, யாரோடு போகிறாய். அக்கறை உண்மையானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்ன திறன் உள்ளவன் என்று அவர்களுக்கு எப்போது தெரியவரும்? நூலைக் கொடுத்தால்தானே.

கொடுப்பது என்றால் கைவிடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தளர்த்து என்று சொன்னால் கையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள்; பட்டம் சருகாக விழும். முதலில் ஒரு தெளிவான இழுப்பு வேண்டும், அளவோடு, சரியான கணத்தில். அந்த இழுப்புதான் பட்டத்துக்குச் சுழற்சியைத் தருகிறது. பின்னால் வரும் தளர்வு அந்தச் சுழற்சி நடந்து முடிய இடம் தருகிறது. இழுப்பு இல்லாத தளர்வால் ஒன்றும் விளையாது. தளர்வு இல்லாத இழுப்பு வெறும் வேகம். அதோடு, தளர்த்தியவன் நின்ற இடத்திலேயே நிற்க முடியாது. கை நீண்டது போதாதென்றால் கால் நடக்க வேண்டும். நல்ல கலைஞர் ஒருவரைக் கவனித்தால், வித்தை செய்யும் நேரமெல்லாம் அவர் பட்டத்தை நோக்கி முன்னே நடந்துகொண்டிருப்பார். அது முடிந்ததும் பின்னே நடந்து தன் நிலத்தை மீட்டுக்கொள்வார். பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பிடிவாதத்தில் அசையாமல் நிற்கிற தகப்பனை நினைத்தால், அவர் கொடுத்தது எவ்வளவு நூல் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

பட்டம் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: துல்லியமாகவும் பறக்க வேண்டும், எல்லா வித்தையும் செய்ய வேண்டும், எது நல்லது? இரண்டையும் ஓரளவுக்குச் சேர்த்து வைத்திருக்கும் பட்டங்கள் இருக்கின்றன. பெரிய வடிவமைப்பாளர்கள் வாழ்நாள் முழுக்க அந்தச் சமரசத்தைத் தேடியிருக்கிறார்கள். ஆனால் சமரசம் சமரசம்தான். கோடு கீறியதுபோல நேரே போகும் பட்டம், புரட்டினால் புரள மறுக்கும். தொட்டவுடன் புரளும் பட்டத்தை நேரே ஓட்டக் கை ஓயாமல் வேலை செய்ய வேண்டும். ஒரு சமயத்தில் எதை நிலைத்தன்மை என்று புகழ்கிறோமோ, அதுதான் இன்னொரு சமயத்தில் பிடிவாதமாகத் தெரியும். ஒரே குணம், இரண்டு பெயர். மூத்த பிள்ளையைப் பார்த்து இளையதன் துடுக்கைக் குறை சொல்வதும், இளையதைக் காட்டி மூத்ததன் நிதானத்தைக் குத்துவதும் எத்தனை வீடுகளில் நடக்கிறது! எது எந்த வேலைக்குத் தைக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு பேசினால் அரைவாசிச் சண்டை இல்லாமல் போய்விடும்.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிசயம் அதிகம். பட்டம் என்றால் எவ்வளவு இலகுவோ அவ்வளவு நல்லது என்றுதான் ஊரில் நினைத்திருந்தோம். ஈர்க்கைச் சீவிச் சீவி மெலிய வைப்போம். வித்தைப் பட்டத்தில் முதுகுத்தண்டின் அடிநுனியில் வேண்டுமென்றே சில கிராம் எடையை வைக்கிறார்கள். பறப்பதற்கு அது சுமைதான், மென்காற்றில் அதனால் சிரமம்கூட. ஆனால் அந்தச் சுமை இருந்தால்தான் பட்டம் தன் குறுக்காகப் புரள உந்துதல் கிடைக்கிறது, ஃபேடில் ஆழமாகச் சாய்ந்து நிலைகொள்கிறது, யோ-யோவில் முழுதாகச் சுருள்கிறது. எடையைக் கழற்றினால் பட்டம் இலகுவாக மிதக்கும், புரட்டினால் பாதியில் நின்றுவிடும். எங்கே வைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்பத்தில் இளையவருக்குப் பொறுப்பே கொடுக்காமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன்: கொஞ்சம் சுமை கொடுங்கள், தாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

விழுவதைப் பற்றி. எல்லாப் பட்டமும் விழும். ஆமை நிலையில் நூல் பின்விளிம்பின் மேலாகப் போவதால், துணியைத் தள்ளிப் பிடிக்கும் தண்டில் எங்காவது மாட்டிக்கொள்ளும். சிறகு நுனியில் கொளுவிக்கொள்ளும். பிறகு ஒரு பக்கமாகச் சுழன்று வந்து புல்லில் கிடக்கும். அப்போது முப்பது மீட்டர் நடந்துபோய் எடுத்துச் சிக்கெடுத்துத் திரும்ப நடந்து வர வேண்டும். என் முழங்காலுக்கு அந்த நடை லேசானதல்ல. நல்ல வடிவமைப்பாளர் இதை முன்கூட்டியே யோசித்திருப்பார். மாட்டக்கூடிய இடமெல்லாம் நூல் வழுக்கி ஓடும்படி மூடியிருப்பார். மல்லாந்து கிடந்தாலும், மூக்குக் குத்திக் கிடந்தாலும், ஒரு சிறகில் சாய்ந்து கிடந்தாலும், நின்ற இடத்திலிருந்தே ஓர் இழுப்பில் எழுப்பிக்கொள்ளும்படி அமைத்திருப்பார். நான் பட்டத்தைச் சோதிக்கும்போது வித்தைகளைவிட இதற்கு அதிகப் புள்ளி இடுவேன். ஒரு பட்டத்தைப் புல்லில் பத்து விதமாகப் போட்டுப் பார்த்து, எத்தனை விதத்திலிருந்து தானாக எழுகிறது என்று பார்ப்பேன். விழாத பட்டம் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விழுந்த இடத்திலிருந்து எழுகிற பட்டத்துக்கு என்ன விலை சொன்னாலும் யோசியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உவமை அல்ல, நேரடியாகவே. இறுகிய டைனீமா நூல் மனிதத் தோலை அறுத்துவிடும். உங்களுக்கு முன்னே, பட்டத்துக்குக் கீழே, இரு பக்கமும் நூல் நீளத்தைவிடக் கூடுதலான தூரத்துக்கு ஆளில்லாத வெளி வேண்டும். குழந்தை ஓடி வந்தால், எவ்வளவு அழகான வித்தையின் நடுவில் இருந்தாலும் பட்டத்தை உடனே தரையில் இறக்குங்கள்.

பேரன் சென்ற மாதம் ஒருவரிடம் பழைய பட்டம் ஒன்றை விலை பேசிக் கொண்டு வந்தான். நல்ல பெயர் பெற்ற வகை. துணி கொஞ்சம் மங்கியிருந்தது, ஒரு தண்டு மாற்றியிருந்தார்கள். வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். நூலை அளந்தோம், முச்சையை இரு பக்கமும் ஒப்பிட்டோம். வலப்பக்க முடிச்சு இடப்பக்கத்ததைவிட நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சரிசெய்தபின் வலப்பக்கம் இழுத்த பட்டம் நேரே போனது. அன்று காற்று கொஞ்சம் கூடுதல். ஃபேட் நன்றாகப் பிடித்தது. ஆமை நிலை ஆழமாகப் போகவில்லை. யோ-யோ மூன்றில் ஒன்றுதான் சுருண்டது. பேரன் தன் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

"அப்ப வேண்டாமோ, அம்மப்பா?"

"ஒரு காற்றிலதான் பார்த்திருக்கிறம். அடியில எடை இருக்கோ இல்லையோ எண்டு மூடியைக் கழட்டிப் பார். இல்லாட்டி ஒண்டை வைச்சுப் பார்ப்பம். விற்கிறவரிட்ட இன்னும் ஒரு கிழமை தவணை கேள்."

மூடியைக் கழற்றினான். உள்ளே எடை இருக்கவில்லை, யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். விற்கிறவர் தவணைக்குச் சம்மதித்தார். வருகிற சனிக்கிழமை மென்காற்று என்று வானிலை அறிக்கை சொல்கிறது. எடை வைத்தும் வைக்காமலும் இரண்டு விதமாகவும் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று அவருக்குப் பதில் சொல்வதாக இருக்கிறோம்.